உங்களுக்குத் தெரியுமா? மிதித்தும் ஏறாத ரேஸ்

டீசல் பிக்கப் மேட்டில் ஏறிக்கொண்டிருக்கிறது, பின்னால் ட்ரெய்லர். ஆக்சிலரேட்டரை அழுத்துகிறீர்கள், எஞ்சின் ஐட்லிங்கிலேயே நிற்கிறது. காலை எடுத்து மறுபடி மிதித்தால் எதுவுமே நடக்காத மாதிரி இழுக்கிறது. பட்டறையில் கொண்டுபோய் விட்டாலோ ஒரு குறையும் காட்டாது. அமெரிக்கப் பிக்கப் ஓட்டுநர்கள் இதை ‘டெட் பெடல்’ என்பார்கள். விட்டுவிட்டு வரும் பழுதுகளில் ஆளை அதிகம் அலையவிடுவது இதுதான். லாரியை முந்தும் நேரத்தில் வந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து.

இதற்கு முதலில் பலி போவது, கால் மிதித்த அளவை எஞ்சின் கணினிக்குச் சொல்லும் பெடல் சென்சார்தான். கழற்றி வீசிவிட்டுப் புதியது போடுகிறார்கள். பழுது ஒரு வாரத்தில் திரும்பி வருகிறது. பழுது நடக்கும் அந்த நொடியில் சிக்னல் எப்படி இருந்தது என்று பார்க்காமல் எந்தப் பொருளையும் வாங்கக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம். கீழே வருபவற்றில் பல, 1998 நடுவிலிருந்து 2002 வரை வந்த டாட்ஜ் ராம் வண்டியை வைத்துச் சொல்பவை. 24 வால்வு கம்மின்ஸ் எஞ்சின் பூட்டிய அந்த வண்டியில் இந்தப் பழுதின் எல்லா முகங்களையும் பார்க்கலாம்.

● டீசல் எஞ்சினில் ஆக்சிலரேட்டர் காற்றைத் திறப்பதில்லை. பெட்ரோல் வண்டியில் பெடலை மிதித்தால் காற்று வழியிலுள்ள தகடு திறக்கும், அந்தக் காற்றுக்குத் தக்க பெட்ரோல் சேரும். டீசலில் காற்று தடையின்றிப் போய்க்கொண்டே இருக்கும்; மிதிப்பது டீசலின் அளவைக் கூட்டத்தான். புதிய டீசல் வண்டிகள் சிலவற்றில் காற்று வழியில் தகடு உண்டு. அது புகையைக் கட்டுப்படுத்த வைத்தது, வேகத்துக்கு அல்ல. ஆகவே ரேஸ் ஏறவில்லை என்றால் கேட்க வேண்டிய கேள்வி இரண்டுதான். கால் கேட்டது கணினிக்குப் போய்ச் சேரவில்லையா? கேட்டது சேர்ந்தும் டீசல் வரவில்லையா? இந்த இரண்டையும் பிரிக்காமல் தொடங்கும் தேடல் எங்கும் போய்ச் சேராது.

● டாட்ஜ் ராமில் 5.9 லிட்டர் கம்மின்ஸ் எஞ்சின் 1989 மாடலில் வந்தது. அன்று பெடலுக்கும் டீசல் பம்புக்கும் நடுவே கேபிள் மட்டும்தான். 1994இல் வந்த பி7100 பம்பும் முழுக்க இயந்திர வகையே. 1998 நடுவில் போஷ் நிறுவனத்தின் விபி44 பம்ப் வந்தபோதுதான் காலுக்கும் டீசலுக்கும் இடையில் கணினி நுழைந்தது.

அப்போதும் சென்சாரைப் பெடலில் வைக்கவில்லை. பெடலிலிருந்து பழையபடி ஒரு கேபிள் எஞ்சின் அறைக்குப் போகிறது. எஞ்சினின் இடது முன்பக்கத்தில் ஒரு நெம்புகோலை இழுக்கிறது. அந்த நெம்புகோலோடு சென்சார் இணைந்திருக்கிறது. எஞ்சினின் சூடு, அதிர்வு, எண்ணெய், சேறு எல்லாவற்றையும் அந்தச் சின்னப் பெட்டி தாங்க வேண்டும். கேபிள் தளர்ந்தாலோ நெம்புகோல் முழுதாகத் திரும்பாவிட்டாலோ, சென்சார் நன்றாக இருந்தும் கணினிக்குத் தவறான செய்திதான் போகும். கையில் மீட்டரை எடுக்கும் முன் ஒருவரை உள்ளே உட்காரவைத்துப் பெடலை மிதிக்கச் சொல்லி, நெம்புகோல் நகர்வதைக் கண்ணால் பாருங்கள்.

● இதே 5.9 லிட்டர் பி வரிசை எஞ்சின் நமக்கும் புதியதல்ல. 1993இல் உருவான டாடா கம்மின்ஸ் கூட்டு நிறுவனம் ஜாம்ஷெட்பூரில் அதைத் தயாரித்தது. டாடா லாரிகளில் அது நம் நெடுஞ்சாலைகளில் ஓடியது.

● பெடல் சென்சார் ஏன் 0 வோல்ட்டில் தொடங்கி 5 வோல்ட்டில் முடிவதில்லை? கணினி அதற்கு 5 வோல்ட் கொடுக்கிறது. ஆனால் திரும்பி வரும் சிக்னல் ஏறத்தாழ அரை வோல்ட்டில் தொடங்கி நாலு, நாலரை வோல்ட்டுக்குள் நின்றுவிடும். இரு முனையிலும் விட்ட இடைவெளி வேண்டுமென்றே விட்டது. ஒயர் அறுந்தால் சிக்னல் 0 பக்கம் விழும்; 5 வோல்ட் ஒயரோடு உரசினால் உச்சிக்குப் போகும். இரண்டும் காலால் வரவே முடியாத அளவுகள் என்பதால், ‘இது மனிதன் மிதித்தது இல்லை, ஒயரிங் கோளாறு’ என்று கணினி உடனே கண்டுகொள்ளும்.

● பிந்தைய வண்டிகளின் பெடலுக்குள் ஒரு சென்சார் இல்லை, இரண்டு. பல பெடல்களில் இரண்டாவது சிக்னல் முதலாவதில் சரிபாதி: ஒன்று 1.5 வோல்ட் காட்டினால் மற்றது 0.75. இரண்டும் பொருந்துகின்றனவா என்று கணினி இடைவிடாமல் சரிபார்க்கிறது. 1994 முதல் வந்த ஜெனரல் மோட்டார்ஸ் 6.5 லிட்டர் டர்போ டீசலின் பெடலில் சென்சார் மூன்று. ஒன்று போனால் மற்றவற்றை வைத்து வீடு போய்ச் சேரக் கணினி விடும்; எதையும் நம்ப முடியாத நிலை வந்தால் ஐட்லிங் மட்டும்தான்.

● ராமிலும் ஃபோர்டின் 7.3 லிட்டர் பவர் ஸ்ட்ரோக்கிலும் வேறொரு காவல் உண்டு. சென்சாரோடு சேர்த்து ஐட்லிங்கை உறுதிசெய்யும் சுவிட்ச் வைத்திருக்கிறார்கள். ‘கால் பெடலில் இல்லை’ என்பதைத் தனியாகச் சொல்வது அதன் வேலை. வோல்ட் ஏறியும் அந்தச் சுவிட்ச் மாறவில்லை என்றால் கணினி சுவிட்ச் பக்கம் நின்று எஞ்சினை ஐட்லிங்கில் வைத்துவிடும். டெட் பெடல் தேடுகிறவர்கள் வோல்ட் சீராக ஏறுவதைப் பார்த்து ‘சென்சார் நன்றாக இருக்கிறது’ என்று தீர்ப்புச் சொல்லிவிடுவதுண்டு. பெடல் நகரத் தொடங்கும் முதல் சில மில்லிமீட்டரில் சுவிட்ச் மாறுகிறதா என்பதையும் பார்த்தால்தான் சோதனை முடிந்ததாகும்.

● சந்தேகம் வந்தால் கணினி எப்போதும் ஐட்லிங்கையே தேர்ந்தெடுப்பதற்குப் பின்னால் சட்டம் இருக்கிறது. அமெரிக்காவின் 124ஆம் எண் வாகனப் பாதுகாப்பு விதி 1973இல் அமலுக்கு வந்தது. காலை எடுத்தாலும், ஆக்சிலரேட்டர் இணைப்பில் எங்காவது ஓரிடம் துண்டித்தாலும், எஞ்சின் ஐட்லிங்குக்குத் திரும்ப வேண்டும். 4,536 கிலோ வரையுள்ள வண்டிக்கு 1 நொடி, அதற்கு மேல் 2 நொடி, உறைய வைக்கும் குளிரில் 3 நொடி கெடு. ரேஸ் ஏறாமல் போவது எரிச்சல்தான். ஏறியது இறங்காமல் நிற்பதைவிட அது மேல் என்று விதியை எழுதியவர்கள் முடிவெடுத்தார்கள். சரியான முடிவு.

● பழைய ரேடியோவின் வால்யூம் குமிழைத் திருப்பினால் ஓரிடத்தில் மட்டும் கரகரக்குமே, பழைய பெடல் சென்சாரின் நோயும் அதுவே. உள்ளே கார்பன் பூச்சுத் தடம், அதன்மேல் உரசும் விரல். எல்லா இடமும் சமமாகத் தேய்வதில்லை. ஐட்லிங்கை ஒட்டிய பகுதியும், நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது கால் நிற்கும் பகுதியும் முதலில் தேயும். அதனால்தான் ‘எண்பதில் போகும்போது மட்டும் உதறுகிறது, நன்றாக அழுத்தினால் சரியாகிறது’ என்று ஓட்டுநர் சொல்கிறார். அந்த ஒரு வரி, பாதிச் சோதனைக்குச் சமம். வண்டியை வாங்கிக்கொள்ளும்போது இந்தக் கேள்வியைக் கேட்காத பட்டறையை நான் நம்பமாட்டேன்.

● இந்தத் தேய்வைப் பிடிக்க, எண்கள் ஓடும் டிஜிட்டல் மீட்டரைவிட முள் ஓடும் பழைய மீட்டர் மேல். சாவியை ஆன் செய்து, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல், பெடலை மிக மெதுவாக அழுத்தி மெதுவாகவே விடுங்கள். முள் வழுக்கிக்கொண்டு ஏறி இறங்க வேண்டும். தேய்ந்த இடத்தில் ஒரு துடிப்புத் துடிக்கும். டிஜிட்டல் மீட்டர் நொடிக்குச் சில தடவை மட்டுமே எண்ணை மாற்றுவதால் அந்தத் துடிப்பு இரண்டு எண்களுக்கு நடுவே நழுவிப் போய்விடும். சிக்னலைக் கோடாக வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப் இருந்தால் வேறெதுவும் தேவையில்லை.

● வண்டியின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரிலும் இதே குறை உண்டு. ஒரே நேரத்தில் முப்பது அளவுகளைத் திரையில் ஓடவிட்டால் ஒவ்வொன்றும் மெதுவாகத்தான் புதுப்பிக்கப்படும். பெடல் சிக்னல், எஞ்சின் சுழற்சி, டீசல் அழுத்தம் ஆகிய மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு பதிவு செய்தால் பழுது நடந்த நொடி சிக்க வாய்ப்பு அதிகம்.

● அந்தக் கால டாட்ஜ் ராமுக்கு ஸ்கேனர் இல்லாமலே பிழைக்குறியீடு பார்க்கலாம். சாவியை ஆன், ஆஃப், ஆன், ஆஃப், ஆன் என்று ஸ்டார்ட் செய்யாமல் திருப்பினால், கிலோமீட்டர் எண் தெரியும் இடத்தில் குறியீடுகள் வரும். பி1693 என்று வந்தால் ‘அடுத்த கணினியைக் கேள்’ என்று பொருள். இந்த வண்டியில் எஞ்சினுக்குக் கம்மின்ஸ் கணினி ஒன்று, மற்ற வேலைகளுக்குக் கிரைஸ்லர் கணினி ஒன்று, பம்பின் தலையில் இன்னொன்று. ஒன்றை மட்டும் படித்துவிட்டுக் கிளம்பினால் உண்மைக் காரணம் மற்றதில் தங்கிவிடும்.

● பிழைக்குறியீடு எந்தப் பொருள் கெட்டது என்று சொல்வதில்லை. பி0122 என்றால் சிக்னல் அளவுக்குக் கீழே போனது; பி0123 என்றால் மேலே போனது; பி0121 என்றால் அளவுக்குள்தான் இருக்கிறது, ஆனால் மற்ற செய்திகளோடு ஒத்துப்போகவில்லை. இரட்டைச் சென்சார் வண்டிகளில் பி2138 வந்தால் இரண்டு சிக்னலும் முரண்படுகின்றன. இவற்றில் ஒன்றுகூட ‘பெடலை மாற்று’ என்று சொல்லவில்லை. ஒயர், கனெக்டர், எர்த், 5 வோல்ட் வழங்கும் வழி, கணினி என்று ஐந்து இடங்களில் எங்கே குறை இருந்தாலும் இதே எண்தான் வரும்.

● 5 வோல்ட் ஒருவருக்கு மட்டும் உரியதல்ல. பல வண்டிகளில் ஒரே 5 வோல்ட் வழி நாலைந்து சென்சார்களுக்குப் பிரிந்து போகிறது. டர்போ அழுத்தத்தை அளக்கும் சென்சார் உள்ளே ஷார்ட் ஆனால் மொத்த வழியும் படுத்துவிடும். பெடலுக்கும் குறியீடு வந்துவிடும். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று சென்சார்களுக்கு ஒரே நேரத்தில் குறியீடு வந்தால் மூன்றும் ஒரே நாளில் கெட்டன என்று நினைக்காதீர்கள். பெடல் பிளக்கில் மீட்டரை வைத்துக்கொண்டு, அந்த வழியிலுள்ள மற்ற சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது 5 வோல்ட் திரும்பி வருகிறதோ அதுதான் ஆள்.

● ஆல்டர்னேட்டர் கெட்டால் பெடல் பொய் சொல்லும். இதை நம்பாத மெக்கானிக்குகளை நிறையப் பார்க்கலாம். ஆல்டர்னேட்டர் உள்ளே உண்டாக்குவது ஏசி. டயோடுகள் அதை டிசி ஆக்குகின்றன. ஒரு டயோடு கெட்டால் பேட்டரி ஓரளவு சார்ஜ் ஆகிக்கொண்டுதான் இருக்கும், சிவப்பு விளக்கும் எரியாது. ஆனால் வண்டியின் ஒயரிங் முழுக்க ஏசி அலை கலந்து ஓடும். அந்த அலை பெடல் சிக்னல்மேல் ஏறும்போது, ஓட்டுநர் காலை வேகமாக ஆட்டுகிறார் என்று கணினி நினைத்துக்கொள்கிறது. 24 வால்வு ராமின் ஆட்டோமேட்டிக் வண்டிகளில் இது நன்கு அறியப்பட்ட தொல்லை: சீரான வேகத்தில் போகும்போது டார்க் கன்வெர்ட்டர் பூட்டுவதும் விடுவதுமாக வண்டி உதறும். கியர்பாக்ஸைப் பிரித்துவிடுவார்கள், பாவம்.

சோதனை எளிது. எஞ்சின் ஓடும்போது மீட்டரை ஏசி அளவில் வைத்து பேட்டரியின் இரு முனையிலும் தொடுங்கள். 0.1 வோல்ட்டைத் தாண்டினால் ஆல்டர்னேட்டரைச் சந்தேகப்படலாம்.

● டாக்கோமீட்டர் முள்ளைக் கவனித்தீர்களா? ரேஸ் போகும் நொடியில், வண்டி உருண்டுகொண்டிருக்கும்போதே முள் சட்டென்று 0இல் விழுந்தால் பெடல்மேல் உள்ள சந்தேகத்தை விட்டுவிடுங்கள். எஞ்சின் சுழற்சியைக் கணினிக்குச் சொல்லும் சென்சாரைப் பாருங்கள். ஃபோர்டு 7.3இல் கேம்ஷாஃப்ட் சென்சார் இப்படித்தான் திடீர் திடீரென்று கைவிடும்.

● லூஸ் கான்டாக்ட்டைக் கண்டுபிடிக்க ஓம் மீட்டர் போதாது. இருபது இழை உள்ள ஒயரில் பத்தொன்பது அறுந்து ஒன்று மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தாலும் ஓம் மீட்டர் ‘நன்றாக இருக்கிறது’ என்றே சொல்லும். அது அனுப்பும் மின்சாரம் அவ்வளவு சிறியது. வேலை நடக்கும்போதே வோல்ட் இழப்பை அளக்க வேண்டும். சாவி ஆனில் இருக்க, கறுப்பு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும் சிவப்பு முனையை சென்சாரின் எர்த் பின்னிலும் வையுங்கள். 0.1 வோல்ட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். கூடுதலாக இருந்தால் எர்த் வழியில் எங்கோ துரு. இரண்டு பேட்டரி உள்ள டீசல் வண்டிகளில் எர்த் கேபிள்களும் கூடுதல், துருப்பிடிக்கும் இடங்களும் கூடுதல்.

இந்தச் சோதனைக்காக ஒயரின் உறையை ஊசியால் குத்தாதீர்கள். அந்த ஓட்டை வழியே நீர் ஏறிச் செம்பு இழையைப் பச்சையாகக் களிம்பேறச் செய்யும். ஆறு மாதத்தில் இல்லாத பழுது ஒன்று புதிதாக வரும். கனெக்டரின் பின்பக்கமாக, ஒயரை ஒட்டி மெல்லிய ஊசியைச் செருகி அளப்பதே முறை.

● புதிய பெடல் போட்டதும் வண்டி சரியாகிவிடுகிறது. பிறகு பழுது திரும்புகிறது. ஏன்? பெடலை மாற்றும்போது கனெக்டரைக் கழற்றி மாட்டுகிறோம் இல்லையா, அந்த உரசலே பின்களைத் துடைத்துவிடுகிறது. குணமானது கனெக்டர், பெயர் வாங்கியது பெடல். ஓயாத அதிர்வில் வெள்ளீயப்பூச்சுப் பின்கள் ஒன்றோடொன்று கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு உரசி, ஆக்ஸைடு தூளை உண்டாக்கும். அது மின்சாரத்தை மறிக்கும். பெண் பின் விரிந்து பிடிப்பு இழப்பதும் உண்டு. அதே அளவுள்ள தனி ஆண் பின்னைச் செருகி இழுத்துப் பாருங்கள்: பிடித்து இழுக்க வேண்டும், வழுக்கி வந்தால் அந்தப் பின்னை மாற்றுங்கள். மாற்ற வேண்டிய பொருளின் விலை சில ரூபாய். ராமின் சென்சாரோ தாங்கி, நெம்புகோல் எல்லாம் சேர்ந்து அளவு சரிபார்க்கப்பட்ட ஒரே தொகுப்பாகத்தான் நிறுவனத்திலிருந்து வரும்.

● கனெக்டரில் தடவும் வெள்ளை சிலிகான் கிரீஸ் மின்சாரத்தைக் கடத்தாது. ஈரத்தை வெளியே நிறுத்துவதே அதன் வேலை. பின்கள் அழுத்தமாகப் பிடிக்கும் இடத்தில் கிரீஸ் பிதுங்கி விலகிவிடும். கடத்தும் என்று நினைத்துத் தளர்ந்த பின்னில் அப்பினால் பழுதை மூடி வைத்ததாகத்தான் ஆகும்.

● ஒயரை ஆட்டிப் பார்ப்பது சோதனைதான். ஆனால் முறையாக ஆட்ட வேண்டும். ஸ்கேனரில் பெடல் சிக்னலை ஓடவிட்டு, கனெக்டரிலிருந்து ஒரு சாண் அளவுக்கு ஒவ்வொரு பகுதியாக வளைத்து, அழுத்தி, இழுத்துக்கொண்டே போங்கள். எஞ்சின் அறையின் தடுப்புச் சுவரைத் தாண்டும் இடம், தாங்கியில் உரசும் இடம், பேட்டரித் தட்டின் அடிப்பகுதி ஆகிய மூன்றையும் இரண்டு தடவை பாருங்கள். பேட்டரி அமிலம் வழிந்த இடத்தில் உறை நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே செம்பு பொடியாகி இருக்கும். சூட்டில் மட்டும் வரும் பழுதுக்குத் தலைமுடி உலர்த்தியால் சென்சாரை மிதமாகச் சூடாக்குங்கள். மழையில் மட்டும் வருவதற்குத் தண்ணீர் தெளிப்பான். பழுதைப் பட்டறைக்குள்ளேயே வரவழைப்பதுதான் இதிலுள்ள திறமை.

● வோல்ட் ஒழுங்காக ஏறுகிறது, சுவிட்ச் மாறுகிறது, ஆனாலும் எஞ்சின் அசையவில்லை. அப்படியானால் கால் கேட்டது போய்ச் சேர்ந்துவிட்டது, குறை அதற்கு அப்பால். ராமில் அது பெரும்பாலும் விபி44 பம்ப். பம்பின் தலையிலுள்ள மின்னணுப் பலகை எஞ்சின் சூட்டில் வாடுகிறது. பம்பைக் குளிர்விப்பதும் அதற்கு எண்ணெயாக இருப்பதும் அதன் வழியே ஓடும் டீசல்தான். தொட்டியிலிருந்து டீசலைத் தள்ளும் சின்ன லிஃப்ட் பம்ப் சோர்ந்தால் விலையுயர்ந்த பெரிய பம்ப் செத்துப்போகும். சூடானால் டெட் பெடல், ஆறினால் சரி என்ற கதையைக் கேட்டதும் டீசல் அழுத்த மீட்டர் மாட்டிப் பார்ப்பதே முதல் வேலை. ஜெனரல் மோட்டார்ஸ் 6.5இலும் பம்பின் பக்கத்தில் பொருத்திய மின்னணு இயக்கிப் பெட்டி சூட்டில் கைவிடும். உரிமையாளர்கள் பலர் அதைக் கழற்றி, வெப்பம் தணிக்கும் அலுமினியத் தகட்டோடு காற்றுப்படும் வேறிடத்தில் மாட்டிக்கொண்டார்கள்.

● பிரேக் சுவிட்ச் ஆக்சிலரேட்டரைக் கொல்லும். இரண்டு பெடலும் ஒரே நேரத்தில் அழுத்தப்பட்டால் சக்தியைக் குறைக்கும் ஏற்பாடு புதிய வண்டிகளில் உண்டு. பிரேக் சுவிட்ச் தளர்ந்து, காலே படாமல் ‘பிரேக் பிடித்திருக்கிறது’ என்று சொன்னால் ரேஸ் அடங்கிவிடும். குண்டு குழிச் சாலையில் மட்டும் பழுது வருகிறதா, பின்னால் வருபவரை உங்கள் பிரேக் விளக்கைப் பார்க்கச் சொல்லுங்கள்.

● பெடல் சென்சாருக்குள் முடி முளைக்கும். டொயோட்டா கார்கள் தானாக வேகமெடுத்தன என்ற புகாரை ஆராய்ந்த நாசா பொறியாளர்கள், பழுதான கேம்ரி பெடல் ஒன்றைப் பிரித்தபோது உள்ளே வெள்ளீயப்பூச்சிலிருந்து வளர்ந்த உலோக இழையைக் கண்டார்கள். தலைமுடியைவிடப் பலமடங்கு மெல்லியது. அது இரண்டு சிக்னல்களுக்கும் நடுவே பாலமாகி, பெடலை ஒழுங்கில்லாமல் துள்ளவைத்தது. மீறிய வேகத்துக்கு மின்னணுக் காரணம் எதையும் கண்டுபிடிக்கவில்லை என்று 2011 பிப்ரவரியில் வந்த அறிக்கை சொன்னது. ஆனால் அந்த இழை இருந்தது உண்மை. அதிர்வினால் முறிந்து விழுந்தால் பழுது சுவடின்றி மறையும்.

● உரசும் விரலே இல்லாத பெடல்களும் வந்துவிட்டன. காந்தம் நகர்வதை மின்சாரத்தால் அறியும் ஹால் சென்சார்கள் அவை. எட்வின் ஹால் அவற்றுக்கு அடிப்படையான விளைவைக் கண்டறிந்தது 1879இல். தடம் தேய்வது இவற்றில் கிடையாது. எனவே ஹால் வகைப் பெடலில் விட்டுவிட்டு வரும் பழுது என்றால் ஒயரையும் கனெக்டரையும் முதலில் பாருங்கள்.

● பழுதை நீக்கியபின் ராமில் ஒரு சின்னச் சடங்கு பாக்கி. சாவியை ஆன் செய்து, ஸ்டார்ட் செய்யாமல், பெடலை மெதுவாகத் தரைவரை அழுத்தி மெதுவாக விட்டு, சாவியை ஆஃப் செய்ய வேண்டும். பெடலின் தொடக்கமும் முடிவும் கணினிக்கு இப்படித்தான் புதிதாகத் தெரியவரும். பிறகு குறியீடுகளை அழித்துவிட்டு, பழுது வந்த அதே சாலையில், அதே சுமையோடு, வெயில் ஏறிய அதே நேரத்தில் ஸ்கேனரைப் பதிவில் போட்டு ஓட்டிப் பாருங்கள். திரையைப் பார்க்கப் பக்கத்தில் இன்னொருவர் உட்காரட்டும். ஓட்டுநரின் கண் சாலையில் இருக்கட்டும்.